தவளைக்கு எதுக்கு சார் பேரு?

‘தவளைக்குப் பேர் வெச்சு என்ன சார் ஆகப்போகுது? அரிசி விலை குறையுமா?’

மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளை இனம் என்று பேப்பரில் நாலு வரிச் செய்தி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். கேட்டுவிட்டு, பெரிய நியாயத்தைப் பேசிவிட்ட திருப்தியோடு டீயை உறிஞ்சுவார். சுற்றியிருப்பவர்களும் சிரிப்பார்கள். இந்த வாரம் அவருக்குப் பதில் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அரிசி விலை குறையாது ஐயா. ஆனால் உங்கள் ஊர் மலையை எந்தக் காகிதத்தைக் காட்டி உடைக்கலாம், எந்தக் குட்டையைத் தூர்த்து மனை போடலாம் என்கிற கணக்கில் அந்தப் பேருக்கு ஒரு பங்கு இருக்கிறது. அந்தக் கணக்கை எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரியாதது நமக்குத்தான்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். நீங்கள் ஏற்கெனவே பார்த்த ஆள்தான். வெயில் ஏறும் மாதங்களில் பாத்ரூமில், ஃப்ளஷ் டேங்குக்குப் பின்னாலோ வாளிக்கு அடியிலோ ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு நாள் மண் நிறம், இன்னொரு நாள் வெளிறிப்போன மஞ்சள். விரல் நுனிகளில் பொட்டு வைத்த மாதிரி வட்டத் தட்டுகள். அதை வைத்துக்கொண்டு வழவழ டைல்ஸில் செங்குத்தாக ஏறும். ராத்திரி யார் மேலாவது குதித்துவிட்டால் வீடே அலறும். துடைப்பம் வரும், உப்பு வரும், ஃபினாயில் வரும். அதன் பின்னங்காலைக் கவனிக்கிற பொறுமை யாருக்காவது இருந்தால், தொடையின் பின்பக்கம் கரும்பழுப்பு வலைக்குள்ளே மஞ்சள் புள்ளிகள் தெரியும். மழை வந்ததும் வெளியே போய், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் செடியிலோ தொட்டிச் சுவரிலோ சோப்பு நுரை போல ஒரு கூடு கட்டி அதில் முட்டையிடும். முட்டை காயாமல் நுரை காப்பாற்றும். பொரிந்த தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே தண்ணீரில் விழும்.

வெள்ளைக்காரர்கள் இதை ‘சுண்ணாம்புத் தவளை’ என்றார்கள். வெள்ளையடித்த சுவரில் ஒட்டிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். நம் சுண்ணாம்பைத்தான் ‘சுனம்’ என்று கடித்துத் துப்பி, ‘சுனம் ஃப்ராக்’ ஆக்கிவிட்டார்கள். விஞ்ஞானப் பெயர் பாலிபிடேட்டஸ் மாகுலேட்டஸ். மாகுலேட்டஸ் என்றால் புள்ளி போட்டது. 1830-ல் லண்டனில் ஜான் எட்வர்ட் கிரே என்பவர், ஹார்ட்விக் என்ற ராணுவத் தளபதி இந்தியாவிலிருந்து சேர்த்துக்கொண்டு போன சித்திரங்களை அச்சிட்டபோது வைத்தது.

நாம் என்ன பெயர் வைத்தோம்? தவளை, தேரை, நுணல், மண்டூகம் என்று வார்த்தைக்குப் பஞ்சமில்லை. தன் வாயால் கெடுவதற்கு நுணல், கிணற்றுக்குள் உட்கார்ந்து உலகம் இவ்வளவுதான் என்று நினைப்பதற்குத் தவளை, கல்லுக்குள் உட்கார்ந்து கடவுளின் கருணைக்குச் சாட்சி சொல்வதற்குத் தேரை. காய்க்குள் பருப்பு பிடிக்கவில்லையா, தேரை மோந்த தேங்காய். குழந்தை சோற்றுக்கில்லாமல் இளைத்துப்போனதா, தேரை விழுந்துவிட்டது. ரேஷன் கடையில் தரவேண்டிய பருப்பைத் தராதவன் தப்பித்தான், மாட்டிக்கொண்டது பாத்ரூம் தேரை! தவளையை வைத்து இத்தனை பழமொழி செய்தவர்கள் தவளையை உற்றுப் பார்த்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி.

சரி, கதைக்கு வருவோம். இந்தச் சுண்ணாம்புத் தவளைக்குக் கிழக்கே ஒரு பங்காளி உண்டு. 1829-ல், ஜாவாத் தீவிலிருந்து போன ஒரு தவளைக்கு கிராவென்ஹோர்ஸ்ட் என்கிற ஜெர்மானியப் பேராசிரியர் லூக்கோமிஸ்டாக்ஸ் என்று பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் வெள்ளை மீசை. மேலுதட்டு ஓரம் வெளுத்திருப்பதால் அந்த மரியாதை. முதுகில் சிலதுக்கு நான்கு கோடு, சிலதுக்கு ஒன்றுமே இல்லை, சிலதுக்குத் திட்டுத் திட்டாக. இங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது. கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே இனம் என்று ஒத்துக்கொண்ட பிறகு, ஆசியாவில் எங்கே எந்தப் பழுப்பு மரத்தவளை கிடைத்தாலும் வெள்ளை மீசைக்காரர் கணக்கில் எழுதுவது சுலபமாகிவிட்டது. பர்மாவிலா? எழுது. தென்சீனாவிலா? எழுது. போர்னியோ, சுமத்ரா, அஸ்ஸாம்? எழுது. ஒன்றரை நூற்றாண்டில் கையேடுகளில் அந்த அருமையான வாக்கியம் வந்து உட்கார்ந்தது: ‘பரவல்: வடகிழக்கு இந்தியா முதல் பிலிப்பைன்ஸ் வரை.’

நன்னூல் படித்தவர்களுக்குத் தவளைப் பாய்த்து என்றால் தெரியும். நடுவில் உள்ளதைத் தாண்டிக் குதித்துப் போய்ப் பொருள் கொள்வது. அந்த இலக்கண உதாரணத்தை இவ்வளவு விசுவாசமாகப் பின்பற்றிய வாக்கியம் வேறில்லை. நடுவில் எத்தனை மலைத்தொடர், எத்தனை கடல், எத்தனை தீவு! இத்தனையையும் ஒரே பெயரில் தாண்டியாயிற்று.

1986-ல் ஜப்பானின் மாசாஃபுமி மட்ஸுயியும் கூட்டாளிகளும் இரண்டு காரியம் செய்தார்கள். தவளைகளின் கத்தலைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள், குரோமோசோம்களைப் பார்த்தார்கள். ஹாங்காங் தவளையின் குரல் வேறு, தென்கிழக்காசியத் தவளையின் குரல் வேறு என்று தெரிந்தது. பெண் தவளை குரலைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை பார்க்கிறது. குரல் வேறு என்றால் சம்பந்தம் கிடையாது, குடும்பம் வேறு. 1861-லேயே ஹாலோவெல் என்கிற அமெரிக்கர் ஹாங்காங் தவளைக்கு மெகாசெஃபாலஸ், அதாவது பெருந்தலையன், என்று தனிப்பெயர் வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் தேவையில்லை என்று அதைத் தூக்கிப் பரணில் போட்டிருந்தார்கள். நூற்றிருபத்தைந்து வருடம் கழித்துத் தூசு தட்டி எடுத்தார்கள். வடகிழக்கு இந்தியாவில் வெள்ளை மீசை என்று எழுதிவைத்திருந்தவற்றில் பலவும், 1987-ல் நேபாளத் தவளைக்கு அலென் துபுவா கொடுத்த டெராயென்சிஸ் என்ற பெயருக்குப் போய்ச் சேர்ந்தன.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவாரஸ்யம். இலங்கையில் குருசிஜர் என்று ஒரு மரத்தவளை, 1852-ல் பிளைத் பெயரிட்டது. அது கேரள மலைகளிலும் இருப்பதாக நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1998-ல் இந்திரனீல் தாஸும் எம்.எஸ்.ரவிச்சந்திரனும் ஒப்பிட்டுப் பார்த்து, இங்கே இருப்பது இலங்கைத் தவளை இல்லை, வேறு என்றார்கள். சூடோகுருசிஜர், போலி குருசிஜர் என்று பெயர். நம்ம ஊர்த் தவளை நம்ம மலையில் உட்கார்ந்திருக்க, அதுதான் ‘போலி’யாம். விஞ்ஞானப் பெயர்களின் லட்சணம் சில சமயம் இப்படித்தான். இந்தச் செய்தி வெளிவந்த இதழ் எது தெரியுமா? ஹமாத்ரியாட். சென்னை முதலைப் பண்ணை வெளியிட்டது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு மகாபலிபுரம் போகிற வழியில் முதலை பார்த்துவிட்டு வருகிறோமே, அதே இடம்தான்.

2019-ல் வங்காளத்திலிருந்து பெங்காலென்சிஸ் என்று ஒன்று புதிதாக வந்தது. அமேசான் காட்டிலிருந்து இல்லை. கொல்கத்தாவை ஒட்டிய வடக்கு, தெற்கு இருபத்துநாலு பர்கானா மாவட்டங்களிலிருந்து. வீடும் தோட்டமும் குட்டையும் கலந்து கிடக்கிற இடம். ஆசியாவின் மிகப் பழைய மியூசியங்களில் ஒன்றும், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைமை அலுவலகமும் இருக்கிற நகரம் அது. அதன் வாசலில் பெயரில்லாமல் ஒரு தவளை இத்தனை காலம் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. ‘எல்லாத்தையும் வெள்ளைக்காரனே கண்டுபிடிச்சிட்டான் சார்’ என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்துவிட்டு வாதாடுவது நியாயமில்லை. எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டே போகவேண்டும் என்பதல்ல விஷயம். 2010-ல் இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் தீவுகளின் வெள்ளை மீசைத் தவளைகளை ரேஃப் பிரவுனும் பலரும் சேர்ந்து டி.என்.ஏ. அளவில் ஆராய்ந்தார்கள். தீவுக்குத் தீவு தனி இனம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக்கூடிய இடம். கிடைத்ததோ தலைகீழ். தூரத் தூரத் தீவுகளில் இருப்பவைகூட நெருங்கிய சொந்தம். அண்மைக் காலத்தில், மனிதர்களோடு சேர்ந்தே இவை பரவியிருக்கக்கூடும் என்று சந்தேகிக்கிறார்கள். சாமான் ஏற்றிய படகு, நாற்று, மூட்டை. ஒக்கினாவாத் தீவில் 1964-ல் இது தலைகாட்டியது. அமெரிக்க ராணுவச் சரக்கோடு பிலிப்பைன்ஸிலிருந்து வந்திருக்கலாம் என்பது கணிப்பு. அங்கே அது வேண்டாத விருந்தாளி. வந்தது மட்டுமில்லாமல் வயிற்றுக்குள் ஒரு புழுவையும் கூட்டிக்கொண்டு வந்தது.

ஆக, அந்த ஒரே வாக்கியம் இரண்டு பொய்யைச் சொல்லியிருக்கிறது. ஓரிடத்தில் பல இனங்களை ஒன்றாகக் காட்டியது. இன்னோரிடத்தில், மனிதன் கொண்டுபோய் விட்டதை இயற்கை போலக் காட்டியது. முதல் பொய்யால் காப்பாற்ற வேண்டியதை விடுகிறோம், இரண்டாவதால் தடுக்க வேண்டியதை விடுகிறோம்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி வரும். ‘இவங்க பேரை மாத்திக்கிட்டே இருப்பாங்க, நாங்க எதைத்தான் நம்பறது?’ நியாயமான கேள்வி. ஹைலா என்றார்கள், ராக்கோஃபோரஸ் என்றார்கள், பாலிபிடேட்டஸ் என்றார்கள். 2011-ல் பாலிபிடேட்டஸ் என்று அறிமுகமான ஒரு தென்னிந்தியத் தவளை, இரண்டே வருடத்தில் பெட்டோமிக்சாலஸ் என்ற புதுப் பேரினத்துக்கு மாறியது. பெயருக்குப் பின்னால் தன் பெயர் வரவேண்டும் என்று பறக்கிற சயின்டிஸ்டுகளும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பட்டாவில் சர்வே நம்பர் தப்பாக இருந்தால், ‘நம்பரை மாத்திக்கிட்டே இருக்காங்க’ என்று விட்டுவிடுவீர்களா? தாலுகா ஆபீஸில் போய் உட்கார்ந்து திருத்தாமல் எழுந்திருக்க மாட்டீர்களே!

பெயர் மாறியதைச் சட்டம் கவனிக்காவிட்டால் என்ன கூத்து நடக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. ஒரு காலத்தில் தவளைக்கால் ஏற்றுமதியில் இந்தியா கொடிகட்டிப் பறந்தது. வயலில் தவளை குறைந்து, கூச்சல் எழுந்து, 1987-ல் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காவது அட்டவணையில் தவளைகளுக்கு நெடுங்காலம் இருந்த இடம் ‘ரானா இனங்கள்’ என்கிற ஒரே ஒரு வரி. இங்கே இரண்டு வேடிக்கை. மரத்தவளைகள் ரானாவே இல்லை. அதனால் அந்த வரி அவற்றைத் தொடவேயில்லை. இரண்டாவது, எந்த வயல் தவளையைக் காப்பாற்ற அந்த வரியோ, அதை வகைப்பாட்டு ஆட்கள் ரானாவிலிருந்து எடுத்து ஹாப்ளோபட்ராகஸ் என்று மாற்றிவிட்டார்கள். விஞ்ஞானம் வீடு மாறிவிட்டது, சட்டம் பழைய விலாசத்துக்கே தபால் போட்டுக்கொண்டிருந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி எழுதும்வரை இதுதான் நிலைமை.

ஐ.யு.சி.என். என்ற சர்வதேச அமைப்பு செம்பட்டியல் வைத்திருக்கிறது. எந்த உயிர் எவ்வளவு ஆபத்தில் என்று தரம் பிரிக்கும். அதில் ஆபத்தில்லாத தட்டுக்குப் பெயர் கிட்டத்தட்ட ‘கவலை வேண்டாம்’. நம் சுண்ணாம்புத் தவளையும் வெள்ளை மீசையும் அந்தத் தட்டில். பரவல் பெரிது, எண்ணிக்கை அதிகம், கவலை வேண்டாம். சரிதான், அந்த இரண்டைப் பற்றி எனக்கும் பெரிய கவலை கிடையாது. ஆனால் அந்தப் பெரிய பெயரின் நிழலில், ஒரு மலையில் மட்டும், ஒரு சோலையில் மட்டும் இருக்கிற ஒன்று ஒளிந்திருந்தால்? அதற்கும் சேர்த்துத்தான் ‘கவலை வேண்டாம்’ என்று முத்திரை விழுகிறது. 2000-ல் ஆனைமலையில் கார்த்திகேயன் வாசுதேவனும் சுஷில் குமார் தத்தாவும் ஒரு பச்சைப் பறக்கும் தவளைக்குத் தனிப்பெயர் கொடுத்தார்கள். பார்வைக்கு எங்கும் கிடைக்கிற மலபார் பறக்கும் தவளையின் தம்பி. தனிப்பெயர் வந்த பிறகுதான் அது அழியும் ஆபத்துப் பட்டியலுக்குப் போகமுடிந்தது. 2010-ல் பெயர் பெற்றபோது ஆனைமுடிச் செம்புதர்த் தவளை இருப்பதாகத் தெரிந்த இடம் மொத்தம் மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 2023-ல் வெளியான உலகக் கணக்குப்படி தவளை, தேரை, சாலமாண்டர் வகையறாவில் ஐந்தில் இரண்டு பங்கு அழிவின் விளிம்பில்.

பெயர் தாமதமானால் என்ன ஆகும் என்று பார்க்க இலங்கைக்குப் போகவேண்டும். 2002-ல் மீகஸ்கும்புரவும் குழுவினரும், அந்தச் சின்னத் தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட மரத்தவளை இனங்கள் இருப்பதாகச் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். உலகமே வாயைப் பிளந்தது. கூடவே ஒரு சாவுச் செய்தியும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்து லண்டன் மியூசியத்துப் புட்டியில் போட்டிருந்த பழைய தவளைகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பல இன்றைய காடுகளில் எங்கேயும் இல்லை. காப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை வெட்டிய காலத்தோடு போய்விட்டிருக்கின்றன. 2007-ல் மாயா, பார்டஸ் என்று இரண்டு இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அவை அழிந்துபோன இனங்கள் என்று போட்டிருந்தது. பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் ஒரே காகிதத்தில். அழிந்ததாகக் குறித்த இலங்கைப் புதர்த்தவளைகள் பதினைந்துக்கும் மேல். ஓரிரண்டு பின்னால் உயிரோடு அகப்பட்டன. மற்றவை புட்டியில்தான்.

நம்மிடம் அந்தப் புட்டிகூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சி.ஆர்.நாராயண ராவ் என்று ஒருவர். 1882-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர், பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பேராசிரியர், கரன்ட் சயின்ஸ் இதழின் முதல் ஆசிரியர். 1937-ல் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றுக்குப் பெயரிட்டார். அவர் பெயரிட்ட மாதிரி உடல்கள் பின்னாளில் தொலைந்துபோயின. சில பெயர்கள் எந்தத் தவளையைக் குறிக்கின்றன என்பதே இன்னும் தகராறு. 1829-ல் ஜெர்மன்காரர் எழுதியதைத் தேடிப் பிடிக்கமுடிகிறது. நம் கோயம்புத்தூர்க்காரர் எண்பது வருடத்துக்கும் முன்னால் புட்டியில் போட்டதைக் காப்பாற்ற நமக்குத் துப்பில்லை. 2010-ல் ராவர்கெஸ்டஸ் என்று ஒரு பேரினத்துக்கு அவர் பெயரை வைத்து மரியாதை செய்தார்கள். அதாவது செய்தார்கள்.

இனி அந்தக் காகிதம். சுரங்கமோ வேறு பெரிய திட்டமோ வரவேண்டுமென்றால் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை வேண்டும். 2006 அறிவிக்கை அப்படிச் சொல்கிறது. அறிக்கையின் தரம் எப்படி என்றால், ரத்னகிரியில் பாக்சைட் சுரங்கத்துக்கான ஓர் அறிக்கையில் ரஷ்யச் சுரங்க அறிக்கை ஒன்றின் பகுதிகள் அப்படியே காப்பியடிக்கப்பட்டிருந்தது அம்பலமான கதையெல்லாம் நடந்திருக்கிறது. அந்த மாதிரி அசிங்கத்தை விடுங்கள், ஒழுங்காக எழுதியதையே பார்ப்போம். சுரங்கத் திட்டங்களுக்கு மத்திய அமைச்சகம் வழக்கமாகத் தரும் விதிமுறைப் பட்டியலில், காற்று, தண்ணீர், சத்தம், மண், தாவரம், விலங்கு எல்லாவற்றையும் ஒரு பருவம் ஆராயவேண்டும் என்று இருக்கிறது. எந்தப் பருவம்? மழையில்லாத பருவம்!

மறுபடி படியுங்கள். மழையில்லாத பருவம். தவளை கத்துவது மழையில், கூடு கட்டுவது மழையில், எண்ணக் கிடைப்பது மழையில். மற்ற மாதங்களில் அது இலைச் சருகுக்குள்ளும் மரப்பொந்திலும் உங்கள் பாத்ரூமிலும் இருக்கும். கல்யாண மண்டபத்தை ஆடி மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு இந்த ஊரில் யாருக்கும் கல்யாணமே ஆவதில்லை என்று எழுதுகிற மாதிரி இருக்கிறது. இன்னொரு தமாஷ், அந்த விதி அனுமதிக்கிற மாதங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் ஒன்று, ‘மழைக்குப் பிந்தைய பருவம்’ என்ற பெயரில். நவம்பரில் வேளச்சேரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவரிடம் சொல்லிப்பாருங்கள், இது மழைக்குப் பிந்தைய பருவம் என்று. டெல்லி எழுதிய காலண்டர். அதன் புண்ணியத்தில் தமிழ்நாட்டுத் தவளைக்கு மட்டும் தற்செயலாக ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. அதையும் ஆலோசகர்கள் பயன்படுத்த வேண்டுமே! மார்ச்சில் போய், நாலு நாள் சுற்றி, பட்டியலில் ‘மரத்தவளை, சாதாரணம், கவலை வேண்டாம்’ என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்கவேண்டியது இதுதான். தவளைகளை மழையில் போய் எண்ணு. குரலைப் பதிவு செய், பதிவை எல்லோரும் கேட்கும்படி வை. எந்த இனம் என்று சொன்னவர் யார், எதைப் பார்த்துச் சொன்னார் என்று எழுது. கல்லூரி விலங்கியல் துறைகளில் வகைப்பாடு படித்த ஆட்களை வேலைக்கு எடு, அருங்காட்சியகப் புட்டிகளுக்குச் சாராயம் வற்றாமல் பார்த்துக்கொள். பெரிய செலவொன்றும் இல்லை. ஒரு மேம்பாலத்துத் திறப்புவிழாப் பந்தல் செலவில் பாதி போதும் என்று நினைக்கிறேன்.

இது எல்லாம் அரசாங்கம் செய்யும்வரை நீங்கள் ஒன்று செய்யலாம். திட்டத்துக்கு முன்னால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நடத்துவார்கள். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும் என்பது விதி. வாங்கிப் படியுங்கள். விலங்குகள் பட்டியலில் தவளை என்கிற வரியைத் தேடுங்கள். பிறகு மைக்கைப் பிடித்து, ‘இதை எந்த மாசம் போய்ப் பார்த்தீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். யாராவது ஏதாவது சொல்வார்கள். அது கூட்டக் குறிப்பில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.